ஓசி வைஃபை: பூட்டு இல்லைன்னா அனுமதின்னு அர்த்தமா?

"பக்கத்து வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டே இல்ல. கனெக்ட் பண்ணிக்கிட்டா தப்பா?"

காலேஜைச் சுத்தி ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற யார்கிட்ட இதைக் கேட்டாலும் முதல்ல ஒரு சிரிப்பு வரும். அடுத்து, "பாஸ்வேர்டு போடாதது அவர் தப்பு மச்சி" என்று ஒரு தீர்ப்பு வரும். அதோட கேஸ் முடிஞ்சுது. நம்ம நிலைமையும் அப்படித்தான் இருக்கு. ரூமுக்கு பிராட்பேண்ட் போட ஹவுஸ் ஓனர் சம்மதிக்க மாட்டார். மொபைல் டேட்டா ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, சாயங்காலத்துக்குள்ள காலி. ராத்திரி 12 மணிக்குள்ள அசைன்மென்ட் அப்லோடு பண்ணியாகணும். அந்த நேரத்துல லிஸ்ட்ல பூட்டுப் படம் இல்லாம ஒரு நெட்வொர்க் தெரிஞ்சா, யாரும் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போறதில்ல.

தேடிப் போனா அங்கே என்ன இருக்குன்னு பார்ப்போம். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: கேட்காம பயன்படுத்துறது தப்பு, சட்டப்படியும் தப்பு. ஆனா "அடுத்தவர் காசுல நெட் ஓட்டுறோம்" என்பது அதுக்கு முக்கியமான காரணம் இல்ல. நாம எடுக்கிறது அவரோட டேட்டாவை விட அவரோட பேரை. எப்படின்னு சொல்றேன்.

சட்டம் பூட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை

இந்தியாவில் இதற்குப் பொருந்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 43-ஆம் பிரிவு சொல்வது சுருக்கமாக இதுதான்: உரிமையாளரோ பொறுப்பில் இருப்பவரோ அனுமதி தராமல், ஒருவருடைய கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ அணுகினால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். டேட்டாவைக் காப்பி அடிப்பது, வைரஸ் விடுவது எல்லாம் அதே பிரிவில் பிறகு வருகிறது. முதல் உட்பிரிவே வெறும் 'அணுகுதல்' பற்றித்தான்.

கவனிங்க. "பாஸ்வேர்டை உடைச்சியா?"ன்னு அது கேட்கல. "அனுமதி வாங்கினியா?"ன்னுதான் கேட்குது. "வைஃபை எல்லாம் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ல வருமா?"ன்னு யாராவது கேட்டா அதுக்கும் பதில் இருக்கு. 2008-ல் சட்டத்தைத் திருத்தினபோது, நெட்வொர்க் என்பதன் வரையறையில் 'வயர்லெஸ்' என்ற வார்த்தையையே சேர்த்துட்டாங்க.

இது சிவில் பக்கம். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் அதிகாரம், அந்தந்த மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலருக்கு இருக்கிறது.

கிரிமினல் பக்கம் 66-ஆம் பிரிவில் இருக்கிறது. 43-ல் சொன்ன அதே செயலை நேர்மையில்லாத எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால் அது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'நேர்மையில்லாத' என்பதற்கு, 2024 வரை அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் உள்ள பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அதாவது, ஒருவருக்கு முறையில்லாத லாபமோ இன்னொருவருக்கு முறையில்லாத நஷ்டமோ வரவைக்கணும்ங்கிற எண்ணம்.

இந்த ரெண்டு பிரிவுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் நமக்கு முக்கியம். உங்க போன் பாக்கெட்டுக்குள்ள இருந்தபடியே ஏதோ ஒரு ஓப்பன் நெட்வொர்க்கோட தானா ஒட்டிக்கிச்சுன்னா, அங்கே எண்ணமே இல்ல. 66 வராது. ஆனா சிக்னல் எந்த மூலையில நல்லா வருதுன்னு கண்டுபிடிச்சு, மொட்டை மாடியில பாயைப் போட்டு, மூணு மாசமா சீரிஸ் டவுன்லோடு பண்ணிட்டு "சார், தெரியாம கனெக்ட் ஆயிடுச்சு"ன்னு சொன்னா எந்த இன்ஸ்பெக்டரும் நம்ப மாட்டார்.

பாஸ்வேர்டு இருக்கிற வைஃபைன்னா கதை இன்னும் மோசம். ரூட்டருக்கு அடியில இருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்தோ, பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட நைசா பேசியோ பாஸ்வேர்டை வாங்கி உள்ளே போனா, 66சி பிரிவும் சேரலாம். அடுத்தவரோட பாஸ்வேர்டை நேர்மையில்லாம பயன்படுத்துறதுக்கான பிரிவு அது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதெல்லாம் ஜாமீன் கிடைக்கிற குற்றம்தான். ஆனா போலீஸ் நேரடியா எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய வகை. ஃபைனல் இயர்ல இருக்கிற ஒருத்தருக்கு எஃப்.ஐ.ஆர்.னா என்ன அர்த்தம்னு நான் விளக்க வேண்டியதில்ல. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கு. ஆஃபர் லெட்டருக்குப் பிறகு பின்னணி சரிபார்ப்பு இருக்கு.

"ரூட்டரே ஓகே சொல்லிடுச்சே!"

நம்ம பசங்க சும்மா விட மாட்டாங்க. நெட்வொர்க்ஸ் பேப்பர் படிச்சவன் ஒரு வாதம் வைப்பான், அது நல்ல வாதமும் கூட. ரூட்டர் தானாவே ஒரு விநாடிக்குப் பல தடவை "நான் இங்கே இருக்கேன்"னு பீக்கன் அனுப்புது. என் போன் "சேரலாமா?"ன்னு கேட்குது. ரூட்டர் "சேரலாம்"னு பதில் தருது. அப்புறம் டி.எச்.சி.பி. மூலமா எனக்கு ஒரு ஐ.பி. முகவரியும் தருது. கூப்பிட்டு, உள்ளே விட்டு, உட்கார நாற்காலியும் போட்ட பிறகு "அனுமதி இல்லாம வந்தே"ன்னு சொன்னா எப்படி?

கேட்க நல்லா இருக்கு. ஆனா சட்டம் கேட்கிறது உரிமையாளரோட அல்லது பொறுப்பாளரோட அனுமதியை. ரூட்டர் உரிமையாளர் இல்ல, அவரோட பெட்டி. ஏ.டி.எம். மெஷின் 500 ரூபாய்க்குப் பதிலா 5,000 ரூபாயைத் தள்ளினா, "மெஷினே கொடுத்துச்சு"ன்னு எடுத்துக்கிட்டுப் போக முடியுமா? மெஷின் சொன்ன 'சரி' வேற, பேங்க் சொன்ன 'சரி' வேற. அந்த 'சேரலாம்' என்ற பதில் ஃபேக்டரி செட்டிங்ல இருந்து வருது. அந்த வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததே தெரியாது.

இன்னொரு வாதம்: "சிக்னல் என் ரூமுக்குள்ள வருது, நான் போய் எடுக்கல." பக்கத்து வீட்டுத் தெருவிளக்கு வெளிச்சத்துல படிக்கிற மாதிரி என்பார்கள். வெளிச்சம் ஒருவழி. நாம படிச்சா விளக்குக்கு ஒண்ணும் தெரியாது. வைஃபை இருவழி. உங்க போனும் பேசுது. உங்க ரிக்வெஸ்ட் அவர் வீட்டுக்குள்ள போய், அவரோட ரூட்டர் வழியா, அவரோட கனெக்‌ஷன்ல ஏறி வெளியே போகுது. வெளிச்சத்துல படிக்கிறதை விட, அவரோட லெட்டர்பேடுல நாம கடிதம் எழுதி அனுப்புறதுக்குத்தான் இது பக்கம்.

திண்ணையா, தாழ்ப்பாள் போடாத கதவா?

அப்போ திறந்திருக்கிற எதையுமே தொடக்கூடாதா? அப்படியும் இல்ல. நம்ம ஊர்ப் பழைய வீடுகள்ல திண்ணை இருந்துச்சு. அது வழிப்போக்கன் உட்காரத்தான். யாரும் கதவைத் தட்டி அனுமதி கேட்டு உட்கார மாட்டாங்க. கோடையில தண்ணீர்ப் பந்தல் வச்சா, குடிக்கலாமான்னு கேட்க வேண்டியதில்ல. திறந்து வச்சதே அழைப்பு. அது ஊருக்கே தெரிஞ்ச வழக்கம்.

அதே தெருவுல ஒரு வீட்டுக் கதவு தாழ்ப்பாள் போடாம இருந்தா, அது அழைப்பு இல்ல, மறதி. ரெண்டும் திறந்துதான் இருக்கு. வச்சவரோட எண்ணம் வேற, அவ்வளவுதான்.

வைஃபையிலயும் திண்ணை உண்டு. ரயில்வே ஸ்டேஷன் வைஃபை, காபி ஷாப்ல போர்டு மாட்டி வச்சிருக்கிற வைஃபை, காலேஜ் நெட்வொர்க் எல்லாம் திண்ணைதான். யார் பயன்படுத்தலாம்னு அங்கே சொல்லியிருக்கு. ஆனா ரூட்டர் கம்பெனி பேரும் நாலு எண்ணும் மட்டும் உள்ள ஒரு நெட்வொர்க் பூட்டு இல்லாம தெரிஞ்சா? அது ஒருத்தரோட தாராள மனசா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ரூட்டரை ரீசெட் பண்ணிட்டுப் பாஸ்வேர்டு போட மறந்த கேபிள்காரரோட அவசரமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த வீட்டுல இருக்கிறது வெளிநாட்டுப் பேரனோட வீடியோ கால் பேச மட்டும் நெட் வச்சிருக்கிற தாத்தா பாட்டியா இருக்கலாம். செட்டிங்ஸ் பக்கம் எங்கே இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது.

"பாஸ்வேர்டு போடாதது அவர் தப்பு" என்பதை நான் மறுக்கல. ஆனா அவரோட கவனக்குறைவு எனக்குக் கொடுத்த அனுமதியா மாறாது.

போறது டேட்டா இல்ல, பேரு

"சரி, அவருக்கு என்ன நஷ்டம்?" இதுதான் கடைசிக் கேள்வி. பண விஷயத்துல பெரும்பாலும் ஒண்ணுமே இல்லன்னு ஒத்துக்கறேன். மாசம் 3,300 ஜிபி வரைக்கும் தர்ற ஃபைபர் பிளான்கள் இருக்கிற காலம் இது. நாம 5 ஜிபி எடுத்தா அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆனா நாம படிச்ச 'நாட்' எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. வீட்டுக்குள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி. வெளி உலகத்துக்கு அந்த மொத்த வீடும் ஒரே முகவரி. ஒரு வெப்சைட்டுக்கோ, மெயில் சர்வருக்கோ, போலீஸுக்கோ தெரியறது அந்த வெளி முகவரி மட்டும்தான். அந்த நேரத்துல அது யாரோட கனெக்‌ஷன்னு கேட்டா, இன்டர்நெட் கம்பெனி சந்தாதாரரோட பேரையும் வீட்டு முகவரியையும் கொடுக்கும். அதுல உங்க பேரு எங்கேயும் வராது.

இது வெறும் தியரி இல்ல. 2008 ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தாங்க. குண்டு வெடிக்கிறதுக்குச் சில நிமிஷம் முன்னாடி, மீடியாவுக்கு ஒரு மெயில் வந்தது. ஐ.பி. முகவரியைத் துரத்திக்கிட்டுப் போன போலீஸ் போய் நின்ற இடம், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடும்பத்தோட தங்கியிருந்த ஃபிளாட். அவரை விசாரிச்சாங்க. கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டுப் போய் சோதிச்சாங்க. வாரக்கணக்குல அவர் பேரு டி.வி.யிலயும் பேப்பர்லயும் ஓடிச்சு. கடைசியில தெரிஞ்சது, அவரோட வைஃபை பாதுகாப்பில்லாம இருந்தது, வேற யாரோ அதுல ஏறி மெயிலை அனுப்பியிருக்காங்க என்பதுதான். அதே கும்பல் ஆகஸ்ட் மாசம் மும்பையில ஒரு கல்லூரியோட வைஃபையையும், செப்டம்பர்ல டெல்லி குண்டுவெடிப்பு நேரத்துல செம்பூர்ல ஒரு தனியார் நிறுவனத்தோட வைஃபையையும் இதே மாதிரி பயன்படுத்துனாங்க.

அதுக்குப் பிறகுதான் 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இன்டர்நெட் நிறுவனங்களுக்கு வைஃபை பாதுகாப்பு பற்றி உத்தரவு போட்டுச்சு. யார் பயன்படுத்துறாங்கன்னு அடையாளம் இருக்கணும் என்பதுதான் அதோட சாரம். ஸ்டேஷன்ல வைஃபை போட்டா மொபைல் நம்பர் கேட்டு ஓ.டி.பி. வருதே, அது இதே நோக்கத்துலதான்.

"நான் என்ன குண்டா வைக்கப் போறேன்?"னு கேட்பீங்க. வைக்க மாட்டீங்க. ஆனா டோரண்ட்ல நேத்து ரிலீஸ் ஆன படத்தை இறக்குவீங்க. இல்ல, உங்க ரூம்மேட் கோபத்துல ஃபேக் ஐ.டி.யில யாரையோ திட்டிப் பதிவு போடுவான். அந்தப் பதிவுக்குப் புகார் போனா, போலீஸ் முதல்ல தட்டுறது தாத்தா வீட்டுக் கதவைத்தான். "நான் இல்ல"ன்னு அவர் எப்படி நிரூபிப்பார்? ரூட்டர் லாகைப் பார்த்தா மேக் முகவரி இருக்கும். ஆனா ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 வந்ததுல இருந்து போன்கள் தங்களோட நிஜ மேக் முகவரியை மறைச்சு, நெட்வொர்க்குக்கு ஒண்ணா புது முகவரி காட்டுது. நம்ம பிரைவசிக்கு அது நல்லது. தாத்தாவுக்கோ, அவர்கிட்ட இருந்த ஒரே சாட்சியும் போச்சு.

நாம அடுத்தவரோட சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனா, அதிகபட்சம் சைக்கிள் போகும். வைஃபையில, நாம செய்ற எல்லாத்துலயும் அவர் கையெழுத்து விழுது. அதனாலதான் இதை நஷ்டக் கணக்கு போட்டுப் பார்க்கிறது சரி வராதுன்னு சொல்றேன்.

மத்த நாடுகள்ல

2005-ல் லண்டனில் ஒருவர் அடுத்தவர் வீட்டு வைஃபையை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதற்காக 500 பவுண்டு அபராதம் கட்டினார். 2007-ல் சிங்கப்பூரில் 17 வயசுப் பையனுக்கு 18 மாசம் நன்னடத்தைக் கண்காணிப்பு. அதே வருஷம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு கஃபேக்கு வெளியே காரில் உட்கார்ந்து மெயில் பார்த்தவருக்கு 400 டாலர் அபராதமும் 40 மணி நேர சமூக சேவையும். அந்த கஃபே தரப்பில் யாரும் புகாரே கொடுக்கவில்லை.

ஜெர்மனி இதை எதிர்ப் பக்கத்துல இருந்து பார்த்தது. 2010-ல் அங்கே உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், வைஃபை உரிமையாளர் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்த நேரத்தில், அவர் கனெக்‌ஷன் வழியா யாரோ ஒரு பாட்டை ஷேர் பண்ணியிருந்தாங்க. அவர் நஷ்ட ஈடு தர வேண்டாம், ஆனா வைஃபையை ஒழுங்காப் பாதுகாக்காம விட்டதுக்குப் பொறுப்பு உண்டுன்னு தீர்ப்பு வந்துச்சு. இதுக்குப் பயந்தே அந்த நாட்டுல கடைகள் இலவச வைஃபை தரத் தயங்கினதால, 2017-ல் சட்டத்தை மாத்தினாங்க.

அப்போ ஜெயில்ல போடணுமா?

இங்கேதான் நான் சட்டத்தோட முழுசா ஒத்துப் போகல. பக்கத்து வீட்டு வைஃபையில ரிசல்ட் பார்த்த ஒரு பையனையும், அதே வைஃபையில மிரட்டல் மெயில் அனுப்பினவனையும் ஒரே பிரிவு ஒரே தராசுல நிறுத்தக்கூடாது. மிச்சிகன் கேஸ் எனக்கு அநியாயமாத்தான் படுது. கஃபேக்காரருக்கே பிரச்சினை இல்லாதபோது அரசு ஏன் அபராதம் போடணும்? நம்ம 43-ஆம் பிரிவு வழி, அதாவது உண்மையில நஷ்டம் வந்தா அதுக்கு இழப்பீடு என்பது, சாதாரண ஓசி வைஃபைக்குப் போதுமானது. 66-ஐ அடுத்தவர் பேரை மறைவா வச்சு வேலை செய்யறவங்களுக்கு வச்சிருக்கணும். பிரிவுல 'எண்ணம்' என்ற நிபந்தனை இருக்கிறதால, போலீஸும் கோர்ட்டும் நினைச்சா இப்பவே அப்படிப் பிரிச்சுப் பார்க்க முடியும்.

இன்னொண்ணு. மாணவர்கள் ஓசி வைஃபை தேடுறதுக்குக் காரணம் திருட்டுப் புத்தி இல்ல, தேவை. 2020 டிசம்பர்ல மத்திய அரசு பி.எம். வாணி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. டீக்கடை, மளிகைக் கடை வச்சிருக்கிறவங்க கூட லைசென்ஸ் இல்லாம வைஃபை கொடுக்கலாம், ஆப் மூலமா அடையாளம் காட்டிட்டு நாம பயன்படுத்தலாம் என்பதுதான் அந்தத் திட்டம். காலேஜ் வாசல்ல வரிசையா இருக்கிற ஜெராக்ஸ் கடைகள்ல ரெண்டு இதை வச்சாலே, நம்ம ராத்திரி 12 மணி பிரச்சினையில பாதி தீரும். அந்தக் கடைக்காரர்கிட்ட எடுத்துச் சொல்ல நாமதான் சரியான ஆள்.

நாம என்ன பண்ணலாம்?

முதல்ல போன்லயும் லேப்டாப்லயும் ஓப்பன் நெட்வொர்க்ல தானா சேர்ற ஆப்ஷனை ஆஃப் பண்ணுங்க. இது உங்களுக்கும் பாதுகாப்பு. அந்த 'இலவச' நெட்வொர்க்கை விரிச்சு வச்சிருக்கிறது தாத்தாவா, வலை விரிச்ச வேற யாராவதான்னு உங்களுக்குத் தெரியாது.

அடுத்து, தேவைன்னா கேளுங்க. "அங்கிள், நான் எதிர் வீட்டு மாடியில இருக்கிற காலேஜ் பையன். இன்னிக்கு மட்டும் ஒரு அசைன்மென்ட் அனுப்ப வைஃபை தர முடியுமா?" இவ்வளவுதான். நம்ம ஊர்ல இதுக்கு 'முடியாது'ன்னு சொல்றவங்க குறைவு. சொன்னாலும் அது அவங்க உரிமை. சம்மதிச்சா கெஸ்ட் நெட்வொர்க் போட்டுத் தனிப் பாஸ்வேர்டு வச்சுக் கொடுங்க. அவங்க டி.வி.யும் கேமராவும் இருக்கிற நெட்வொர்க்குக்குள்ள நாம போக வேண்டியதே இல்ல. தினமும் வேணும்னா மட்டும் அவரோட இன்டர்நெட் ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்க. வெளியாளுக்குக் கனெக்‌ஷனைப் பகிரக்கூடாதுன்னு பொதுவா அதுல ஒரு வரி இருக்கும்.

மூணாவதுதான் எனக்கு முக்கியமாப் படுது. ஒரு நெட்வொர்க் பூட்டில்லாம இருக்குன்னு நமக்குத் தெரியுது, அதோட சொந்தக்காரருக்குத் தெரியல. நாலு வருஷம் இதைப் படிச்ச நமக்கு, ரூட்டர் அட்மின் பாஸ்வேர்டை மாத்தி, டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 போட்டு, டபிள்யூ.பி.எஸ்.ஸை ஆஃப் பண்ணிக் கொடுக்க அஞ்சு நிமிஷம் ஆகும். புதுப் பாஸ்வேர்டை ஒரு பேப்பர்ல எழுதி அவங்க கையில கொடுத்துட்டு வாங்க.

இன்னிக்கு உங்க போன்ல வைஃபை லிஸ்டைத் திறந்து பாருங்க. பூட்டுப் படம் இல்லாம ஒரு வீட்டு நெட்வொர்க் தெரிஞ்சா, கனெக்ட் பட்டனைத் தொட வேண்டாம். அது எந்த வீடுன்னு விசாரிச்சு, போய்க் காலிங் பெல்லை அடிங்க.